வெயிலில் வேலைக்குப் போகும் முதல் 14 நாள்கள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பத்து வருடம் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன் நான். ஒரு கோடையில் நில அளவைக் குழுவோடு வெளி வேலைக்கு மாறினேன். உடம்பில் நோய் எதுவும் இல்லை, தினமும் நடப்பேன், அதனால் பெரிதாக யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம், முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கும்போது கையெல்லாம் புல்லரித்தது. கொளுத்தும் வெயிலில் குளிர் எடுத்தது. அளவுகோலில் இருந்த எண்ணைத் திரும்பத் திரும்பத் தப்பாக வாசித்தேன் என்று பிறகுதான் தெரிந்தது. கூட இருந்தவர் என் குரல் குழறுவதைக் கவனித்து, முக்காலியைப் பிடுங்கி வைத்துவிட்டு, வண்டியின் நிழலில் உட்கார வைத்து, சட்டையைக் கழற்றித் தலையோடு தண்ணீர் ஊற்றினார். அவர் கவனிக்காமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

வேலையில் சேர்ந்த அன்று யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. “வெயில்தானே, பழகிடும்” என்றார்கள். பழகும், உண்மைதான். ஆனால் பழகுவதற்கு நாள் கணக்கு இருக்கிறது. அந்த நாள்கள் முடியும் முன்பே முழு வேலையையும் தலையில் ஏற்றிக்கொள்வதில்தான் ஆபத்து. வேலையிடத்தில் வெப்பத்தால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேலைக்கு வந்த முதல் சில நாள்களுக்குள் இறக்கிறார்கள். ஆகவே நீங்கள் புதிதாகப் போகிறீர்கள் என்றால், கீழே உள்ளதை முதல் நாளுக்கு முன்பே படித்துவிடுங்கள்.

1. சேரும் முன்: சாப்பிடும் மாத்திரைகளைப் பாருங்கள்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சில மருந்துகள் வியர்வையைக் குறைக்கும், சில உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும், சில இதயம் வேகமாகத் துடிப்பதைத் தடுக்கும். வெயிலில் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள வியர்வை, நீர், இதயத் துடிப்பு மூன்றும் வேண்டும். சிறுநீர் அதிகம் பிரியச் செய்யும் மாத்திரைகள், இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், சளிக்கும் ஒவ்வாமைக்கும் போடும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள், மனநலச் சிகிச்சைக்கான சில மருந்துகள் எல்லாம் இதில் வரும்.

பொறி இங்கேதான் இருக்கிறது: வெயிலுக்குப் பயந்து நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது வெயிலைவிட மோசமாக முடியலாம். மருத்துவரிடம் போய், “வெளி வேலைக்குப் போகிறேன், ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் வெயிலில் நிற்பேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டுமானால் அவர் மாற்றுவார். சர்க்கரை, இதயம், சிறுநீரகம் சம்பந்தப்பட்ட நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முன்பு ஒரு முறை வெயிலில் விழுந்தவர்களும் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. வேலை தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதே போனால், மருந்து மாற்றினாலும் உடம்பு அதற்குப் பழக நாள் கிடைக்கும்.

2. கையில் மூன்று தாள்கள்

முதல் தாள் சட்டைப்பையில். இரத்த வகை, சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை, வீட்டில் யாரை அழைக்க வேண்டும் என்ற விவரம். மழைக்கும் வியர்வைக்கும் நனையாமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிடுங்கள். போனில் வைத்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். நீங்கள் நினைவில்லாமல் கிடக்கும்போது அந்தப் போனை யார் திறப்பார்கள்?

இரண்டாவது, வேலையிடத்துக்கு வருவதற்கான வழி. ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் போனில் வாசித்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்: எந்தச் சாலை, எந்தத் திருப்பம், எந்த அடையாளம், வண்டி எதுவரை வரும். இதை ஒவ்வொரு புது இடத்திலும் வேலை தொடங்கும் முன் எழுதுங்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். பதறும் நேரத்தில் வழி சொல்ல வாய் வராது.

மூன்றாவது ஒரு சிறு நோட்டு. முதல் 14 நாள்களுக்கு மட்டும் போதும். காலையில் வேலைக்கு முன் எடை, மாலையில் வேலை முடிந்ததும் எடை, எத்தனை மணி நேரம் வெயிலில் இருந்தீர்கள், தலைவலியோ பிடிப்போ வந்ததா. காலைக்கும் மாலைக்கும் இடையே 1 கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் நீர் போயிருக்கிறது என்று அர்த்தம். எடையில் 2 சதவீதத்துக்கு மேல், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால், அன்று நீங்கள் குடித்தது போதவில்லை. உடம்புக்கு முடியாமல் போய் மருத்துவமனைக்கோ, விடுப்புக்கோ, இழப்பீட்டுக்கோ போக நேர்ந்தால் தேதியோடு எழுதிய இந்த நோட்டு பேசும். என்னிடம் அப்படி ஒன்று இல்லை. அன்று என்ன நடந்தது என்று கேட்டபோது நேரம்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

3. முதல் வாரத்தைக் கேட்டு வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

உடம்பு வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். அந்த நாள்களில் உள்ளே நிறைய மாறுகிறது: வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகமாக வரும், அதில் போகும் உப்பு குறையும், அதே வேலைக்கு இதயம் அடிக்கும் வேகமும் குறையும். வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தால் இது முழுதாக வராது. வெயிலில் வேலை செய்தால்தான் முழுதாக வரும். ஆனால் அளவோடு செய்ய வேண்டும்.

அந்த அளவு எவ்வளவு? வேலையிட உடல்நல நிபுணர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது. புதியவர் முதல் நாள் வழக்கமான வெயில் நேரத்தில் 20 சதவீதம் மட்டும், பிறகு ஒவ்வொரு நாளும் 20 சதவீதத்துக்கு மேல் கூட்டாமல். 8 மணி நேர வேலை என்றால் முதல் நாள் வெயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம், இரண்டாம் நாள் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல், மூன்றாம் நாள் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, நான்காம் நாள் ஆறரை மணி நேரத்துக்குள், ஐந்தாம் நாள் முழு நேரம். மீதி நேரம் சும்மா இருக்க வேண்டியதில்லை. கருவி துடைப்பது, கணக்கு எழுதுவது, நிழலில் பொருள் பிரிப்பது என்று ஏதாவது கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே பழகியவர் ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பில் போய்விட்டு வந்தாலும் பழக்கத்தில் ஒரு பகுதி போய்விடும். அவர்களுக்கு முதல் நாள் 50, அடுத்த நாள் 60, அப்புறம் 80, நான்காம் நாள் 100 சதவீதம். வார இறுதி விடுமுறை போன்ற ஒன்றிரண்டு நாளுக்கு இந்தக் கவலை வேண்டாம். இரவு ஏசியில் தூங்கினால் பழக்கம் கெட்டுவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது தவறு. குளிர்ந்த இடத்தில் நன்றாகத் தூங்குவது நல்லதுதான்.

மேற்பார்வையாளரிடம் இதை எப்படிக் கேட்பது? “என்னால் முடியாது” என்று தொடங்கினால் எடுபடாது. “முதல் நான்கு நாள் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொள்கிறேன், ஐந்தாம் நாளிலிருந்து முழு நேரம்” என்று முடியும் தேதியோடு கேளுங்கள். முடிந்தால் எழுதிக் கொடுங்கள். நான்கு நாள் குறைந்த நேரம் என்பது வேலை கொடுப்பவருக்கும் சிறிய செலவு. ஓர் ஆள் விழுந்தால் அன்றைய வேலை முழுவதும் நிற்கும். தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு இப்படிக் கேட்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அவர்கள் குறைந்தபட்சம் கனமான வேலையைக் காலையிலேயே முடித்துவிட்டு, உச்சி நேரத்துக்கு இலகுவான வேலையை மாற்றிக் கேட்கலாம்.

4. காலையில் எந்த எண்ணைப் பார்ப்பது

வானிலை அறிக்கையில் வரும் வெப்பநிலை நிழலில் அளந்தது. நேர் வெயிலில் நிற்பவருக்கு அதைவிட 8 டிகிரி செல்சியஸ் வரை கூடுதலாக உணரப்படலாம். அதோடு ஈரப்பதத்தையும் சேர்த்துப் பாருங்கள். 32 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் உடம்புக்கு சுமார் 35 டிகிரி போல இருக்கும். அதே 32 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் சுமார் 45 டிகிரி போல! காரணம் இதுதான்: வியர்வை காய்ந்து ஆவியாகப் போகும்போதுதான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டும் வியர்வையால் நீர்தான் நட்டம், குளிர்ச்சி கிடைப்பதில்லை.

பெரிய வேலையிடங்களில் கறுப்பு உருண்டையும் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியும் உள்ள ஒரு கருவி வைத்திருப்பார்கள். ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அது ஒரு எண்ணைக் காட்டும். அதில் 30 என்று பார்த்துவிட்டு “முப்பதுதானே” என்று நினைக்காதீர்கள். அந்த எண்ணில் ஈரத்துணி வெப்பமானிக்குத்தான் 70 சதவீத இடம். சாதாரண வெப்பமானியின் 30 வேறு, இந்த 30 வேறு. இதில் 30 என்பது கடின வேலைக்கு மிகவும் சூடான நாள்.

இன்னொன்று. சூரியன் உச்சிக்கு வருவது நண்பகலில், ஆனால் காற்று மிகவும் சூடாவது பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்கு மேல்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் “உச்சி வெயில் போய்விட்டது” என்று முழு வேகத்தில் இறங்குவது வழக்கமான தப்பு. நான் விழுந்ததும் அந்த நேரத்தில்தான்.

5. எதற்குச் செலவு செய்வது, எதற்கு வேண்டாம்

சுற்றிலும் விளிம்பு உள்ள தொப்பி, தளர்வான, வெளிர் நிற முழுக்கைச் சட்டை, பெரிய தண்ணீர்க் குடுவை, கழுத்தில் போட ஒரு துண்டு. முதல் செலவு இவ்வளவுதான். வெயிலுக்குக் கையில்லாத பனியன் நல்லது என்று நினைத்தேன். வெயில் நேராகத் தோலில் பட்டதும்தான் முழுக்கையின் அருமை தெரிந்தது. துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், காய்ந்ததும் மறுபடி நனையுங்கள். ஹெல்மெட் கட்டாயம் என்ற இடத்தில் வெயிலைச் சாக்காக வைத்து அதைக் கழற்ற வேண்டாம். அதன் மேல் மாட்டும் விளிம்பும் பின்கழுத்துத் துணியும் கிடைக்கின்றன.

குழுவாகப் பணம் போட முடிந்தால் அடுத்து வாங்க வேண்டியது ஒரு தார்ப்பாயும் நான்கு கம்பும். இயற்கை நிழல் இல்லாத இடத்தில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. 9ஆம் படியில் உயிர் காக்கவும் அதே தார்ப்பாய் உதவும்.

நனைத்துப் போடும் குளிர்ச்சி உடுப்பு வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும், ஈரக் காற்றில் பெரிய பயன் இல்லை. ஐஸ் பை வைத்த உடுப்பு எந்தக் காற்றிலும் குளிரும், ஆனால் கனம் அதிகம், ஐஸ் உருகியதும் வெறும் சுமை. கழுத்து விசிறியை நான் கடைசியில்தான் வைப்பேன். சூட்டுக் காற்றையே முகத்தில் அடிக்கும். வெயில் படும் இடங்களுக்கு எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடுங்கள், 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி. வேர்க்குரு வந்த இடத்தில் மட்டும் கெட்டியான கிரீம் எதையும் பூச வேண்டாம். அங்கே வியர்வைத் துளைகள் ஏற்கெனவே அடைபட்டிருக்கின்றன.

6. தண்ணீர்: தாகத்துக்குக் காத்திருக்காதீர்கள்

15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர், ஏறக்குறைய 240 மில்லி. மணிக்குக் கணக்குப் போட்டால் முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரும். தாகம் எடுக்கும்போது உடம்பில் ஏற்கெனவே நீர் குறைந்திருக்கும். மொத்தமாக ஒரு லிட்டரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் சும்மா இருப்பது பயன் தராது. போனில் 20 நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்க வையுங்கள்.

அதிகமாகக் குடிப்பதிலும் ஆபத்து இருக்கிறது என்பதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பார்ப்பதற்கு வெயில் தாக்கியது போலவே இருப்பதால் கூட இருப்பவர்கள் இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். அது நிலைமையை மோசமாக்கும்.

வேளை தவறாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் உப்பு அதிலேயே கிடைத்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாமல் வியர்த்தால் ஓஆர்எஸ் பொட்டலம் நல்லது. பொட்டலத்தில் எத்தனை தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அத்தனையில்தான் கரைக்க வேண்டும். இல்லாவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் விழுங்காதீர்கள். இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ இருந்தால் ஓஆர்எஸ் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். முந்தைய இரவு மது அருந்தியவர்கள் காலையிலேயே நீர்க் கடனோடு வருகிறார்கள்.

சிறுநீரைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, அடர் மஞ்சளானால் இன்னும் குடிக்க வேண்டும். வைட்டமின் பி மாத்திரை சாப்பிட்டாலும் மஞ்சளாகப் போகும், அதைக் கணக்கில் வையுங்கள். பால் கலக்காத தேநீர் நிறத்தில் போய், தசையும் வலித்தால் உடனே மருத்துவமனை. தசை சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. கழிப்பறை இல்லை என்பதற்காகக் குடிக்காமல் இருக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இதை அவர்கள் தனியாகச் சமாளிக்க விடக் கூடாது. குழு பொறுப்பில் இருப்பவர் இடம் முடிவு செய்யும்போதே கழிப்பறையையும் சேர்த்து முடிவு செய்ய வேண்டும்.

7. ஓய்வை நாடித்துடிப்பால் அளந்துகொள்ளுங்கள்

களைத்த பிறகு உட்காருவது தாமதம். உட்கார்ந்ததும் மணிக்கட்டில் விரல் வைத்து 30 நொடி எண்ணுங்கள். 55க்கு மேல், அதாவது நிமிடத்துக்கு 110க்கு மேல் இருந்தால், அடுத்த சுற்று வேலையை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். ஓய்வு நேரத்தை அல்ல, வேலை நேரத்தை. ஓய்வில் முழங்கை வரை குளிர்ந்த தண்ணீரில் 10, 15 நிமிடம் வைத்தால் உடம்புச் சூடு நன்றாக இறங்கும். தீயணைப்பு வீரர்கள் செய்யும் முறை இது, ஒரு வாளி போதும். வெயிலில் நிறுத்திய, கதவு மூடிய வண்டிக்குள் போய் உட்காருவது ஓய்வு ஆகாது.

8. ஒருவரை ஒருவர் பாருங்கள்

கடும் தலைவலி, குமட்டல், தலைச்சுற்று, கால் பிடிப்பு, அதிக வியர்வை, வெயிலில் புல்லரிப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்று அதோடு நிறுத்துங்கள். நிழல், தண்ணீர், சட்டையைத் தளர்த்துவது, கூட ஒருவர். தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது, தனியாகப் படுக்க விடவும் கூடாது.

இதற்கு அடுத்த நிலையை நீங்களே கண்டுபிடிக்க முடியாது. மூளை சூடேறும்போது முதலில் போவது “எனக்கு ஏதோ ஆகிறது” என்று உணரும் திறமைதான். எனக்கு அப்படித்தான் ஆனது, நான் நன்றாக இருப்பதாகவே நினைத்தேன். அதனால் காலையிலேயே ஜோடி போட்டுக்கொண்டு, அரை மணிக்கு ஒரு முறை பேச்சுக் கொடுங்கள். பதில் குழறினால், எரிச்சலாகப் பேசினால், தள்ளாடினால் அது ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் வெப்பம் 40 டிகிரியையோ அதற்கு மேலோ தொட்டிருக்கலாம். “வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக்” என்று பலர் நம்புகிறார்கள். வேலை செய்துகொண்டிருக்கும்போது விழுபவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். பேச்சையும் நடத்தையையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

9. ஒருவர் சுருண்டு விழுந்தால்

ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும், இரண்டாவது தாளை எடுத்து வழி சொல்லட்டும். மற்றவர்கள் அதே நிமிடத்தில் குளிர்விக்கத் தொடங்குங்கள். வண்டியில் ஏற்றி ஓடுவதைவிடக் குளிர்விப்பது முதலில். உடல் வெப்பத்தை அரை மணி நேரத்துக்குள் 39 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

மேல் உடைகளையும் காலணியையும் கழற்றுங்கள். தொட்டி இருந்தால் கழுத்து வரை குளிர்ந்த தண்ணீரில் உட்கார வைத்து, தலை மூழ்காமல் ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டி இல்லையா? தார்ப்பாயில் படுக்க வைத்து, ஓரங்களை நான்கு பேர் தூக்கிப் பிடித்து, உள்ளே தண்ணீரும் இருக்கும் ஐஸ் அத்தனையும் ஊற்றி ஆட்டிக்கொண்டே இருங்கள். அதுவும் முடியாவிட்டால் ஈரத்துணியால் உடம்பு முழுவதும் போர்த்தி, தண்ணீர் ஊற்றி, விசிறி, துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். முகத்தில் மட்டும் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருந்தால் பயன் இல்லை.

நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். நினைவில்லாமல் மூச்சு மட்டும் இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் அல்ல, அந்த மாத்திரை இங்கே வேலை செய்யாது, கெடுதலும் செய்யலாம். விழுந்த நேரம், குளிர்விக்கத் தொடங்கிய நேரம் இரண்டையும் யாராவது எழுதி வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

10. மறுபடி வேலைக்குப் போகும்போது

லேசாக மயங்கியவர்கூட அன்று மாலை மறுபடி வெயிலில் இறங்கக் கூடாது, குறைந்தது மறுநாள் வரை. ஹீட் ஸ்ட்ரோக் வந்தவர் எப்போது திரும்பலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஈரலும் சிறுநீரகமும் சரியாகிவிட்டனவா என்று இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள், வாரக்கணக்கில் ஆகலாம். “வேலைக்குத் தகுதி” என்று மட்டும் எழுதி வாங்காமல், “வெயிலில் எத்தனை மணி நேரம், எந்தத் தேதியிலிருந்து” என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் முதலில் வாங்கிய சான்றிதழில் அது இல்லாததால், திரும்பிய முதல் நாளே முழு நேரம் நிற்கச் சொன்னார்கள். மறுநாள் திரும்பப் போய் எழுதி வாங்கி வந்தேன். மருத்துவமனையில் கொடுத்த எல்லாத் தாள்களுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அலுவலகத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் 3ஆம் படிக்குப் போய், புதிதாகச் சேர்ந்தவரைப் போலவே 20 சதவீதத்திலிருந்து தொடங்குங்கள்.